விண்டோஸ் 11க்கு மாறலாமா? ஒரு கடை, மூன்று கம்ப்யூட்டர்கள்

கேட்டவர் ஒரு சிறிய ஊரில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறார். கூடவே பக்கத்துக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கும் போட்டுக் கொடுக்கிறார். அவர் கேட்டது சுருக்கமாக இது: "கடையில் 2016ல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. ஐ3 ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரும் பழைய லேசர் பிரிண்டரும் அதில்தான் ஓடுகின்றன. 2020ல் வாங்கிய லேப்டாப்பில் டேலி கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி, பேங்க் வேலை. அது ஐ5 பத்தாம் தலைமுறை, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். மகளுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப் வீட்டில் சும்மா கிடக்கிறது. மூன்றிலும் விண்டோஸ் 10. சர்வீஸுக்கு வரும் தம்பி எல்லாவற்றையும் 11க்கு மாற்றித் தருகிறேன் என்கிறார். இன்னொரு நண்பர், ஓடுகிற வண்டியை ஏன் பிரிக்கிறீர்கள், அப்படியே விடுங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். லேப்டாப்பை 11க்கு மாற்றுங்கள், ஆனால் அதற்கு முன்னால் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) போடுங்கள். டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 10 அப்படியே இருக்கட்டும், இன்டர்நெட்டை மட்டும் கழற்றிவிடுங்கள். வீட்டில் கிடக்கும் லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கடைக்குக் கொண்டுவாருங்கள், அதற்கு ஒரு முக்கியமான வேலை வைத்திருக்கிறேன்.

விண்டோஸ் 11 நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் ஆளுக்கொரு பதில்தான் கிடைக்கும். ஒவ்வொரு மெஷினையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். இதில் என்ன வேலை நடக்கிறது, வெளியிலிருந்து இதற்குள் என்னென்ன வருகிறது, இது இரண்டு நாள் படுத்துவிட்டால் நமக்கு என்ன நஷ்டம், இந்த மூன்றையும் கேட்டாலே முக்கால்வாசி முடிவு வந்துவிடும்.

ஓடுகிற வண்டியை விடுங்கள் என்று நண்பர் சொல்வதை முதலில் பார்ப்போம். விண்டோஸ் 10 வெளியானது 2015 ஜூலை 29. மைக்ரோசாஃப்ட் அதற்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அன்றைக்கு யாருடைய கம்ப்யூட்டரும் நின்றுவிடவில்லை. நிற்கவும் போவதில்லை. அதனால்தான் பலருக்கும் இதில் ஆபத்து எதுவும் இல்லை என்று தோன்றுகிறது.

ஆபத்து வேறு வழியில் வருகிறது. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் உள்ளே இருக்கும் சரக்கு பெரும்பாலும் ஒன்றுதான். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை விண்டோஸ் 11க்கு அப்டேட் வருகிறது. எந்த ஓட்டையை அடைத்தார்கள் என்பதை, அப்டேட்டுக்கு முந்தைய ஃபைலையும் பிந்தைய ஃபைலையும் ஒப்பிட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். அதைத் தொழிலாகவே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே ஓட்டை விண்டோஸ் 10லும் இருந்தால், அப்டேட் போகாத மெஷினில் அது திறந்தபடியே கிடக்கும். ஆக, ஒவ்வொரு மாதமும் உங்கள் பழைய விண்டோஸின் பலவீனம் இன்னும் கொஞ்சம் வெளியே தெரியவருகிறது.

2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) உலகம் முழுக்கப் பரவியது நினைவிருக்கும். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, அந்த மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. அடிபட்டவற்றில் பெரும்பாலானவை அந்த அப்டேட்டைப் போடாத விண்டோஸ் 7 மெஷின்கள். அதைவிடப் பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்திருந்ததால் அதற்கு அந்த அப்டேட் போகவே இல்லை. பரவ ஆரம்பித்த பிறகுதான் அவசரமாக ஒன்றை வெளியிட்டார்கள். அந்த வைரஸுக்கு யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. ஒரே நெட்வொர்க்கில் ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே தாவியது. உங்கள் கடையில் மெஷின்கள் ஒரே வைஃபையில் இருக்கின்றன என்றால் இதை யோசிக்க வேண்டும்.

உடனே மாற முடியாதவர்களுக்கு ஒரு இடைவழி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் வீட்டு உபயோகத்துக்கு ஈஎஸ்யூ என்று ஒரு நீட்டிப்பு கொடுத்திருக்கிறது, 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 10, 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோடு சேர வேண்டும். செட்டிங்ஸை அவர்களுடைய கிளவுடில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் இலவசம், இல்லையென்றால் 30 டாலர் அளவுக்குப் பணம். மூச்சு வாங்கிக்கொள்ள இது உதவும். ஆனால் உங்கள் லேப்டாப் 11க்குத் தகுதியானது என்பதால் இதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சரி, லேப்டாப்புக்கு வருவோம். உங்கள் வருமானம் இதில்தான் இருக்கிறது, ஆகவே இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும்.

இன்று மதியம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் லேப்டாப்பை ஆன் செய்யுங்கள். ஆன் ஆனதும் வேறு எதையும் தொடாமல் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் டிஸ்க் என்ற கட்டத்தைப் பாருங்கள். 100 சதவீதம் என்று சிவந்துபோய் நிற்கும். ஐந்து நிமிடம், சில நாள் பத்து நிமிடம்கூட அப்படியே நிற்கும். பக்கத்தில் சிபியு 15, 20 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். டேலியைக் கிளிக் செய்துவிட்டு டீ குடிக்கப் போகிறோமே, அந்த நேரம் முழுக்க ஐ5 சிப் ஹார்ட் டிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தட்டு சுற்றுகிறது, அதன்மேல் ஒரு ஊசி அங்கும் இங்கும் போய்ப் படிக்கிறது. சிதறிக்கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை நொடிக்கு ஏறக்குறைய நூறு தடவைதான் அதனால் தேடிப் படிக்க முடியும். சாதாரண எஸ்எஸ்டி அதையே நொடிக்குப் பல்லாயிரம் தடவை செய்யும்.

விண்டோஸ் 11க்கான விதிகளில் எஸ்எஸ்டி கட்டாயம் என்று இல்லை. 64 ஜிபி இடம், 4 ஜிபி ராம் போதும் என்றுதான் போட்டிருக்கிறார்கள். ஆனால் ஹார்ட் டிஸ்க்கில் 11ஐப் போட்டுவிட்டு, புது விண்டோஸ் என்றார்கள், முன்னைவிட ஸ்லோவாக இருக்கிறதே என்று திரும்பி வந்தவர்கள் என் அனுபவத்தில் நிறையப் பேர். அவர்களில் பலருக்கு எஸ்எஸ்டி மாற்றியதுமே குறை தீர்ந்துபோனது. ராம், எஸ்எஸ்டி விலை இப்போது ஏறிக்கிடக்கிறது என்பது உண்மை. அப்படியும் புது லேப்டாப் வாங்குவதோடு ஒப்பிட்டால் இது சின்னச் செலவு. கணக்கு வேலைக்கு மட்டும் என்றால் 500 ஜிபி எஸ்எஸ்டி தாராளம், 256 ஜிபியே போதும். 8 ஜிபி ராமை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

எஸ்எஸ்டி போடுவதில் இன்னொரு லாபம் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரியதாகத் தெரிகிறது. ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை அப்படியே எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்யச் சொல்லுங்கள். குளோன் முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, மேலே தேதி எழுதி, பீரோவில் வையுங்கள். அதற்கப்புறம் எஸ்எஸ்டியில் இருக்கும் விண்டோஸ் 10ஐ 11ஆக மாற்றுங்கள். ஏதாவது சொதப்பினால் பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால் போதும், முந்தைய நாள் கடை எப்படி இருந்ததோ அப்படியே திரும்பி வந்துவிடும். விண்டோஸிலேயே பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி உண்டு, ஆனால் அது 10 நாள்தான். கணக்குப் போடுகிறவர்களுக்குப் பிரச்சினை தெரிவது பெரும்பாலும் அடுத்த ரிட்டர்ன் போடும்போதுதான், அதாவது 10 நாள் முடிந்த பிறகு. பீரோவில் இருக்கும் டிஸ்க்குக்கு அந்தக் கெடு இல்லை. ஃபார்மேட் செய்து புதிதாகப் போடலாம் என்று தம்பி சொல்லலாம். அது சுத்தமான வழிதான், ஆனால் எல்லா மென்பொருளையும் மறுபடி போட வேண்டும். உங்களிடம் பேக்கப் டிஸ்க்கும் பொறுமையும் இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் குளோன் செய்து மேலே ஏற்றுவதே நல்லது.

தொடங்கும் முன் எம்எஸ்இன்ஃபோ32 என்று ஸ்டார்ட்டில் தட்டித் திறந்து, பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்பே மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருள். அந்த வரியில் அதன் புதிய வகையான யூஈஎஃப்ஐ என்று இருக்க வேண்டும். 2020 லேப்டாப்பில் அப்படித்தான் வந்திருக்கும். ஆனால் இடையில் யாராவது ஃபார்மேட் செய்தபோது லெகசி என்ற பழைய மோடில் போட்டிருந்தால், சிப் தகுதியாக இருந்தும் உங்கள் மெஷின் தகுதியில்லை என்று விண்டோஸ் சொல்லும். டிபிஎம் 2.0 (சாவிகளைப் பாதுகாக்கும் பாதுகாப்பு வசதி) இல்லை என்று வந்தாலும் பயப்பட வேண்டாம். இன்டெல் மெஷின்களில் பிடிடி என்ற பெயரில் அது சிப்புக்குள்ளேயே இருக்கிறது, பயாஸில் ஆன் செய்தால் போதும். இந்த இரண்டையும் காரணம் காட்டி யாராவது புது லேப்டாப் விற்கப் பார்த்தால் கொஞ்சம் நிதானியுங்கள்.

எந்த நாளில் மாற்றுவது என்பதும் முக்கியம். ஜிஎஸ்டி ரிட்டர்ன்களில் ஜிஎஸ்டிஆர்-1 11ஆம் தேதி, 3பி 20ஆம் தேதி, டிடிஎஸ் கட்டுவது 7ஆம் தேதி. மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு வேலை இந்தக் கெடுக்களுக்குள்தான் ஓடுகிறது. ஆகவே 20ஐத் தாண்டி ஒரு சனிக்கிழமை மாலை ஆரம்பியுங்கள். காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் கடைகள் இருந்தால் அவர்களுடையதையும் முடித்துவிட்டு ஆரம்பியுங்கள். டேலி டேட்டா ஃபோல்டரைத் தனியாக ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி எடுங்கள், எடுத்ததை வேறொரு மெஷினில் திறந்தும் பாருங்கள். ஃபார்மேட் செய்வதாக இருந்தால் டேலி லைசென்ஸை முதலில் சரண்டர் செய்துவிடுங்கள். செய்யாமல் அழித்துவிட்டு, அப்புறம் ஆக்டிவேட் ஆகவில்லை என்று அலைவது தேவையில்லாத வேலை. டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்துக்கான யூஎஸ்பி) வைத்திருந்தால் அதன் டிரைவரைப் புதிதாக இறக்கி வையுங்கள். மாற்றி முடித்ததும் ஒரு டாக்குமென்ட்டில் கையெழுத்துப் போட்டுச் சோதித்துவிடுங்கள், கெடு நாளில் போய்ச் சோதிக்க வேண்டாம்.

அப்புறம், பிட்லாக்கர், அதாவது டிஸ்க் முழுவதையும் பூட்டிவிடும் விண்டோஸ் வசதி. இதைப் படித்துவிட்டு வேறெதையும் செய்யாவிட்டாலும் அந்தப் பூட்டின் சாவியை மட்டும் எழுதி வையுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கணக்கு ஆபீஸில் புது லேப்டாப் வாங்கினார்கள். செட்டப் செய்தபோது மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் கேட்டது. செட்டப் செய்ய வந்தவர் தன் போனில் ஒரு புது மெயில் ஐடி உருவாக்கி, அதைப் போட்டு முடித்துவிட்டுப் போய்விட்டார். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் பயாஸ் அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆனபோது நீலத் திரை வந்து 48 இலக்க ரெகவரி கீ கேட்டது. டிஸ்க் முழுவதும் பூட்டப்பட்டிருக்கிறது என்பதே அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. கீ அந்த மெயில் ஐடியின் அக்கவுன்ட்டில் பத்திரமாக இருந்திருக்கும். ஐடி என்ன என்று செட்டப் செய்தவருக்கே நினைவில்லை. என்னிடம் கொண்டுவந்தார்கள். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, யாராலும் முடியாது, அந்தப் பூட்டே அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. பென் டிரைவில் பத்து நாள் பழைய டேலி பேக்கப் ஒன்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு நடுவில் இருந்த பத்து நாள் பில்களையும் மூன்று பேர் உட்கார்ந்து மறுபடி அடித்தார்கள்.

விண்டோஸ் 11ல், அதிலும் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்தால் பல மெஷின்களில் இந்தப் பூட்டு தானாகவே விழுந்துவிடுகிறது. பூட்டு நல்லதுதான். லேப்டாப் திருடு போனால் வாடிக்கையாளர்களின் கணக்கு வெளியே போகாது. ஆனால் சாவி உங்களிடம் இருக்க வேண்டும். அக்கவுன்ட் உங்கள் சொந்த மெயில் ஐடியில், உங்கள் போன் நம்பரில் இருக்கட்டும். மாற்றும் முன்னரும் மாற்றிய பின்னரும், அந்த 48 இலக்கத்தை ஒரு நோட்டில் எழுதி, கடை லைசென்ஸ் வைத்திருக்கும் ஃபைலில் சேர்த்து வையுங்கள்.

பார்வைக்கு என்ன மாறும் என்றால், பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்டார்ட் பட்டன் நடுவுக்குப் போய்விடும், செட்டிங்ஸில் மறுபடி இடப்பக்கம் கொண்டுவரலாம். ரைட் கிளிக் மெனு சுருங்கியிருக்கும். ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

தமிழ் ஃபான்ட் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் கேட்டுத்தான் டிடிபி நண்பர்கள் அதிகம் வருகிறார்கள். யூனிகோடுக்கு முந்தைய உங்கள் ஃபான்ட்கள் சாதாரண டிடிஎஃப் ஃபைல்கள்தான், 11லும் வேலை செய்யும். ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முன்கூட்டியே ஒரு காப்பி எடுத்து வையுங்கள். சிக்கல் லதா ஃபான்ட்டில் வரும். வாடிக்கையாளர் கொண்டுவரும் வேர்ட் ஃபைலில் லதா இருக்கும். புதிதாகப் போட்ட விண்டோஸில் லதா இருக்காது. அது இல்லாததால் நிர்மலா என்ற வேறு ஃபான்ட்டில் எழுத்து தெரியும், வரி மடிந்து, ஒரு பக்க விண்ணப்பம் ஒன்றேகால் பக்கமாகிவிடும். ஃபான்ட் கெட்டுவிட்டது என்று நினைத்து எங்கிருந்தோ டவுன்லோட் செய்ய வேண்டாம். செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்ற இடத்தில், தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ் என்று இருக்கிறது. அதைச் சேர்த்தால் லதாவும் விஜயாவும் முறைப்படி வந்துவிடும். தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. யூனிகோடில் அடிக்கத் தனி மென்பொருள் தேவையில்லை.

இப்போது டெஸ்க்டாப். மைக்ரோசாஃப்ட்டின் பட்டியல் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. ஏழாம் தலைமுறையில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில சிப்களுக்கு மட்டும் விலக்கு. உங்களுடையது ஆறாம் தலைமுறை, ஆகவே தகுதி இல்லை. இதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆறாம் தலைமுறை ஐ3 ஒரு டிடிபி கடைக்கு இன்றும் போதுமான சிப். வேலை செய்யக்கூடிய மெஷினைக் குப்பைக்கு அனுப்பச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

தகுதியில்லாத மெஷினிலும் 11ஐப் போட வழிகள் இருக்கின்றன, சர்வீஸ் தம்பி மனதில் வைத்திருப்பதும் அதுவாகத்தான் இருக்கும். ரூஃபஸ் என்ற மென்பொருளைக் கொண்டு பென் டிரைவ் தயார் செய்யும்போதே சோதனைகளை நீக்கிவிடலாம். போடும், ஓடும். ஆனால் இப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் கிடைக்கும் என்று உறுதியில்லை என மைக்ரோசாஃப்ட் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. மாதாந்தர அப்டேட் வந்துகொண்டிருந்தாலும், வருடாந்தரப் பெரிய பதிப்புக்கு ஒவ்வொரு முறையும் கையால்தான் ஏற்ற வேண்டும். ஹோம், ப்ரோ இரண்டிலும் ஒரு பதிப்புக்கு ஆயுள் 24 மாதம்தான். ஆக, இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது இந்தச் சடங்கைச் செய்யாவிட்டால் இன்று விண்டோஸ் 10 இருக்கும் அதே நிலைக்குத் திரும்பிவிடுவீர்கள். கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும் பையனுடைய மெஷினில் செய்து பார்க்கலாம். சம்பாதிக்கிற மெஷினில் வேண்டாம்.

உங்கள் டெஸ்க்டாப்பில் அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் திறந்து சிஸ்டம் டைப் பாருங்கள். 4 ஜிபி ராம் என்பதால் அன்றைக்கு 32 பிட் என்ற பழைய வகை விண்டோஸ் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸ் 11ல் 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட்டிலிருந்து நேராக மேலேற்றவும் முடியாது, அழித்துவிட்டுத்தான் போட வேண்டும். 32 பிட் டிரைவர் மட்டுமே உள்ள பழைய பிரிண்டர், யூஎஸ்பி டாங்கிளோடு வந்த பழைய தமிழ் மென்பொருள் இவையெல்லாம் அந்த இடத்தில் நின்றுவிடும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001ல். அதற்காக இனி யாரும் எதையும் திருத்தித் தரப்போவதில்லை. அது இன்று ஓடுகிற மெஷினில், ஓடுகிற பிரிண்டரோடு இருக்கிறது என்றால் அந்த ஜோடியைக் கலைக்காதீர்கள். உங்கள் நண்பரின் அறிவுரை இந்த ஒரு மெஷினுக்கு மிகப் பொருத்தம்.

ஆனால் அதில் இன்டர்நெட் கூடாது. லேன் வயரை எடுத்துவிடுங்கள், வைஃபை டாங்கிள் இருந்தால் கழற்றிவிடுங்கள். பிரவுசர் ஐகானையும் டெஸ்க்டாப்பிலிருந்து நீக்கிவிடுங்கள், அவசரத்தில் யாரும் மெயில் திறந்துவிடக் கூடாது. இன்னொன்றையும் மனம்விட்டுக் கேட்கிறேன், அந்த விண்டோஸ் காசு கொடுத்து வாங்கியதா, ஆக்டிவேட்டர் போட்டு ஓட்டுவதா? அசெம்பிள் மெஷின்களில் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் பார்க்கிறேன். அந்த ஆக்டிவேட்டர்களை ஓட்டவே ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அணைத்த பிறகு உள்ளே வேறு என்னென்ன வந்தது என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட மெஷினில் பேங்க் பாஸ்வேர்ட் ஒருநாளும் அடிக்க வேண்டாம். அதை நெட்டிலிருந்து பிரிக்க இதுவும் ஒரு காரணம்.

நெட்டைக் கழற்றிவிட்டால் போதும் என்று முடித்திருப்பேன், உங்கள் கடை ஜெராக்ஸ் கடையாக இல்லாமல் இருந்திருந்தால். உங்களுக்கு ஆபத்து வாசல் வழியாகவே நடந்து வருகிறது, வாடிக்கையாளர் கையில் இருக்கும் பென் டிரைவ்தான் அது. கல்லூரி லேப், இன்னொரு நெட் சென்டர், அப்புறம் உங்கள் கடை என்று ஒரே நாளில் நாலு மெஷின் பார்த்துவிட்டு வரும். ஃபோல்டர்கள் எல்லாம் மறைந்து ஷார்ட்கட்களாக நிற்குமே, அந்த வைரஸை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அந்தப் பென் டிரைவ் டேலி லேப்டாப்பிலும் ஏறக் கூடாது, அப்டேட் நின்றுபோன டெஸ்க்டாப்பிலும் ஏறக் கூடாது.

மகளுடைய லேப்டாப்புக்கு வேலை இங்கேதான். தமிழ்நாடு அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. அதில் வந்த மெஷின்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே போட்டிருந்தார்கள். அதைத் திறந்தே பார்க்காமல் விட்ட வீடுகள்தான் அதிகம். அந்தச் சிப்களுக்கு விண்டோஸ் 11 சரிப்படாது, ஆனால் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்று நன்றாகவே ஓடும். மின்ட் 22க்கு 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு, காசு கிடையாது. ராம் 2 ஜிபிதான் என்றால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் போட்டுப் பாருங்கள்.

அதைக் கவுன்டர் பக்கத்தில் வையுங்கள். வாடிக்கையாளர் பென் டிரைவ், வாட்ஸ்அப் வெப், மெயிலில் வரும் பிடிஎஃப் எல்லாம் அதில் மட்டும் திறக்கட்டும். விண்டோஸுக்காக எழுதிய வைரஸ் அதில் ஓடாது. மறைந்த ஃபோல்டர்களையும் வெளிக்காட்டச் சொல்லிப் பார்க்கலாம், ஷார்ட்கட் ஃபைல்கள் வெறும் ஃபைல்களாகக் கிடக்கும், அழித்துவிடலாம். ஹார்ட் டிஸ்க்கில் நிறுவும் முன் பென் டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டி, உங்கள் பிரிண்டர் வேலை செய்கிறதா என்று ஒரு பக்கம் பிரிண்ட் போட்டுப் பாருங்கள். ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். வேர்ட் ஃபைல்கள், அதில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆபீஸில் திறக்கும்போது பக்க அமைப்பு சில நேரம் நகரும். பயோடேட்டா கொண்டுவருகிறவரிடம் பிடிஎஃப் ஆக அனுப்பச் சொல்லுங்கள், போனிலேயே மாற்றிவிடலாம். பேஜ்மேக்கர் வேலைக்குப் படமோ எழுத்தோ டெஸ்க்டாப்புக்குப் போக வேண்டுமென்றால், கடைக்கென்றே ஒரு பென் டிரைவ் வைத்து, தேவையான ஃபைலை மட்டும் மாற்றுங்கள்.

இதில் எதை முதலில் செய்வது என்று கேட்பீர்கள். டெஸ்க்டாப்பின் லேன் வயரை இன்றைக்கே எடுத்துவிடலாம், செலவும் இல்லை. இந்த வாரம் லேப்டாப்பின் ரெகவரி கீயும் டேலி பேக்கப்பும். மாதக் கடைசியில் எஸ்எஸ்டியும் விண்டோஸ் 11ம். தம்பியிடம் இப்போதைய 25எச்2 பதிப்பையே போடச் சொல்லுங்கள், அது 2025 செப்டம்பரிலேயே வெளியாகிவிட்டது. அதற்கடுத்து புதிய பதிப்பு வரும்போது முதல் வாரத்திலேயே ஏற்ற வேண்டாம், ஒரு மாதம் பொறுங்கள். 2018 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு வந்த பெரிய அப்டேட் சிலருடைய டாக்குமென்ட் ஃபைல்களை அழித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் அதைச் சில நாளிலேயே நிறுத்திவைத்து, நவம்பரில்தான் திருத்தி வெளியிட்டது. ஆனால் பொறுமை இந்தப் பெரிய பதிப்புகளுக்கு மட்டும்தான். மாதாந்தரப் பாதுகாப்பு அப்டேட்டை அப்படித் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் லேசர் பிரிண்டரின் மாடல் எண்ணையும், டெஸ்க்டாப்பில் சிஸ்டம் டைப் என்ன காட்டுகிறது என்பதையும் எழுதுங்கள். பிரிண்டருக்கு 64 பிட் டிரைவரும் லினக்ஸ் டிரைவரும் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்கிறேன். லினக்ஸ் டிரைவர் இருந்தால் கவுன்டர் லேப்டாப்பிலிருந்தும் அதே பிரிண்டரில் அடிக்கலாம்.